கேட்காமல் நுழைந்த வீடுகள்

என் மகளுக்கு நான்கு வயது. நான் வீடியோ கேம் ஆடும்போது மடியில் உட்கார்ந்து பார்ப்பாள். அவள் கண்ணுக்குக் கெடுதலோ என்று லேப்டாப்பின் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பேன். அரை மணி நேரம் ஆனதும் மூடிவிடுவேன். மூடிய பிறகு, அரை மணியே அதிகமோ என்று யோசிப்பேன். கண்ணைப் பற்றி மட்டும்தான் அப்போது பயந்துகொண்டிருந்தேன்.

அந்த லேப்டாப் என் கணவர் கல்லூரி நாட்களில் வாங்கியது. கேம்களும் அவர் சேர்த்து வைத்தவைதான். அவருக்கு மாற்றலாகி, மலைமேல் ஜமுனாமரத்தூரை ஒட்டிய இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்தபோது, நெட் வருவதும் போவதுமாக இருந்தது. நெட் இல்லாமல் ஓடியவை மூன்று. அடிவாரத்தில் நான் பிறந்த வீட்டில் அப்பா சீட்டுக்கட்டைக்கூட உள்ளே விட்டதில்லை. ஞாயிறு பூசை, பாடப்புத்தகம், டியூஷன் என்று வளர்ந்தவள் நான். அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று ஒரு மழை நாளில் முதல் கேமைத் திறந்தேன்.

அதில் நான் நாடிழந்த ஒரு இளவரசன். கையில் வாள், முதுகில் மூட்டை. சண்டைகள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே பொத்தானை நூறு முறை அழுத்த வேண்டும். ஊர்கள்தான் பிடித்தன. எந்த ஊருக்குள் போனாலும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். பானையை உடைக்கலாம், பெட்டியைத் திறக்கலாம். மருந்து, சாவி, மோதிரம், எது கிடைத்தாலும் நம்முடையது. வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று, "இன்று நல்ல வெயில்" என்பார். அவருடைய பெட்டியைக் காலி செய்துவிட்டுத் திரும்பினாலும் "இன்று நல்ல வெயில்" என்றுதான் சொல்வார். நானும் மகளும் அதற்குச் சிரிப்போம். பானையைக் கண்டதும் அவள் முந்திக்கொண்டு "அம்மா, அது, அது!" என்று விரலால் காட்டுவாள்.

இரண்டாவது கேமில் மனிதர்களே இல்லை. ஆளில்லாத ஒரு தீவு, பூட்டிய கதவுகள், சுவரில் குறிகள். ஒரு கதவைத் திறக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. மூன்றிலும் இதுவே சிறந்தது என்பேன். நம்மை அவசரப்படுத்தாது, புகழாது. ஒரு குறியைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்ச் சோறு வடித்துவிட்டு வந்தால், அதே குறி வேறு மாதிரி தெரியும். ஆனால் பேச ஆளில்லாததால் மகளுக்கு அது பிடிக்கவில்லை.

மூன்றாவதில் நான் மலைநாட்டில் கடிதம் கொண்டுபோகும் பெண். கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாமா, அப்படியே கொடுக்கலாமா என்று கேம் கேட்கும். படித்தால் ஊர் அதை நினைவில் வைத்திருக்கும். பத்து நாள் கழித்து ஒரு கடைக்காரி கதவைச் சாத்துவாள். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். நான்தான் அதைக் கெடுத்தேன். ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ஆட்டத்தை சேவ் செய்துகொள்வேன், வேண்டும்போது அந்த இடத்துக்கே திரும்பலாம். கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய், படிக்காதவள் மாதிரி கொடுப்பேன். கெட்டது செய்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நல்லவளாக இருப்பேன்.

வாரத்தில் மூன்று நாள் ஜமுனாமரத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தரும் வேலை எனக்கு. அந்த நாட்களில் மகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் கணவர் சாமையும் கேழ்வரகும் போடுகிறார். கணவரின் தங்கையும் அவர்களோடுதான் இருக்கிறாள். அந்த வீடு இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. என் சொந்தங்கள் எல்லாம் மலைக்குக் கீழே இருக்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மகளைக் கூட்டிவரப் போனபோது அங்கே சத்தமாக இருந்தது. தகரப் பெட்டியின் சாவியைக் காணோம். ஆதாரும் நிலத்தின் சிட்டாவும் அதற்குள். மறுநாள் காலையில் அவர் கணவர் அவற்றை எடுத்துக்கொண்டு உரம் வாங்கப் போக வேண்டும்.

"வெச்ச எடம் எனக்கும் இவளுக்கும்தான் தெரியும்," என்றார் அக்கா, நாத்தனாரைக் காட்டி. "சாவிக்கு இன்னா கால் மொளைச்சிச்சா?"

"நான் ஏன் எடுக்கறேன் அண்ணி? பொட்டிக்குள்ள எனக்கு இன்னா கீது, பட்டுப்பொடவையா?"

"கெடைக்கும்க்கா, நல்லா தேடுங்க," என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

குளிப்பாட்ட கவுனைக் கழற்றியபோது பையிலிருந்து சாவி விழுந்தது. சிவப்பு நூல் கட்டிய சின்னச் சாவி.

"இது ஏதுடி?"

"பானைல இருந்துச்சு."

"யார் வூட்டுப் பானைல?"

"பெரீம்மா வூட்டு சாமைப் பானைல. கைய வுட்டேன், கெடைச்சிது!" அவளுக்கு அவ்வளவு பெருமை. நான் பாராட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்தாள்.

"பெரீம்மாவைக் கேட்டு எடுத்தியா?"

"நீ கேக்க மாட்டியே."

கணவருக்கு போன் செய்தேன். முதலில் சிரித்தார். பிறகு, "பேசாம போய் அந்தப் பானைல போட்டுட்டு வந்துடு. தேடும்போது அவங்களுக்கே கெடைச்சுடும். நாம சொல்லப் போய், நாளைக்கு அங்க எது தொலைஞ்சாலும் பாப்பா பேருதான் வரும்," என்றார். அதுவும் சரியென்றே பட்டது. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் மேல் பழி நிற்கும். சொன்னால் என் மகளைத் திருடி என்பார்கள், வியாழக்கிழமை அவளை எங்கே விடுவேன்?

அப்போது நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தேன். எடுத்த பொருளைத் திருப்பி வைக்க எந்தக் கேமிலாவது வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. முதல் கேமில் உடைந்த பானை உடைந்ததுதான். எடுத்ததை விற்கலாம், வைக்க முடியாது. தீவில் எடுத்த பொருளைத் தரையில்கூடப் போட முடியாது. கடிதம் கொண்டுபோகும் பெண்ணால் பொருளைக் கீழே போட முடிகிறது. ஆனால் சொந்தக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. "நான்தான் எடுத்தேன்" என்று ஒரு பதில் மூன்றிலும் எங்கேயும் இல்லை. இத்தனை ஊர் சுற்றியும் இதை நான் கவனிக்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

நாலரை மணிக்கு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். சாவி என் இன்னொரு கைக்குள் இருந்தது. சொல்வதா, பானையில் போடுவதா என்று அவர்கள் வாசலை மிதிக்கும்வரை முடிவு செய்யவில்லை. உள்ளே பானை கவிழ்ந்து கிடந்தது. சாமை முழுவதையும் தார்ப்பாயில் கொட்டி அக்கா துழாவிக்கொண்டிருந்தார். நாத்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். போடுவதற்கு இடமே இல்லை.

கையை நீட்டினேன். "பாப்பாதான் எடுத்திருக்காக்கா."

அக்கா சாவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கொயந்தையா?" அவர் முகம் இளகத் தொடங்கியது. "உனக்கு எப்போ தெரியும், பாப்பாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணரைக்கு."

"மூணரைக்கா? ஒரு மணி நேரமா கையில வெச்சிக்கினு இருந்தியா? இங்க நான் இவள வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். அவ அயுது அயுது மூஞ்சி வீங்கிப்போச்சு. கொயந்த எட்த்தா தப்பில்ல. நீ படிச்சவதான?"

சாவியை அவர் கையில் வைத்தேன். நாத்தனார் எங்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணி, இப்ப யாருக்குக் கால் மொளைச்சிச்சு?"

"நீ சும்மா இரு," என்றார் அக்கா. ஆனால் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

எதற்காகப் பானைக்குள் கையை விட்டாள் என்று கேட்டார்கள். கேமைப் பற்றிச் சொன்னேன். நாத்தனாருக்கு நம்பிக்கையில்லை. "வூட்டுக்காரன் நிக்கசொல்லவே எட்த்துக்கினு போவாங்களா? அவன் இன்னா சொல்லுவான்?"

"இன்று நல்ல வெயில்னு சொல்லுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. சாமையை முறத்தில் அள்ளிக்கொண்டே, "நல்ல ஊருதான் போ," என்றார். நானும் உட்கார்ந்து அள்ளினேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை முழுவதும் அக்கா எங்கள் பக்கம் வரவில்லை. அன்று லேப்டாப்பைத் தொடவில்லை. கேமை நிறுத்திவிட வேண்டுமா, இல்லை, இன்னொருவர் வீடு எது, நம்முடையது எது என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டுமா என்று யோசித்தேன். எனக்கே அதுவரை அந்தக் கேள்வி வரவில்லை என்பதுதான் உறுத்தியது. மனிதர்களே இல்லாத தீவை ஏன் சிறந்தது என்று நினைத்தேன் என்றும் அப்போது கொஞ்சம் புரிந்தது. அங்கே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை, வரவில்லை என்று கடைக்காரருக்கு மெசேஜ் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு அக்கா வந்து வெளியே நின்றார்.

"இன்னா, இன்னைக்கு வேலை இல்லியா? கொயந்தய ஏன் அனுப்பல?"

"நீங்க வேணாம்னு சொல்லுவீங்களோன்னு..."

"நான் சொன்னனா?"

"இல்லக்கா."

"அப்போ நீயே ஏன் எல்லாத்தயும் உள்ளுக்குள்ள பேசி முடிச்சிக்கற? வாய் இல்லியா உனக்கு? வந்து கேளு. திட்டணும்னா திட்டறேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா. பயமா இருந்துச்சு."

"எங்களுக்கு மட்டும் பயம் இல்லியா? அந்தப் பொண்ணு கோச்சிக்கினு புதூர்நாட்டுல சொந்தக்காரங்க வூட்டுக்குக் கெளம்பிட்டிருந்தா அவ அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "வாடி கள்ளி. இன்னைக்கு அத்த உனக்குப் பலாப்பழம் வெச்சிருக்கா. குடுத்தா வாங்கிக்கணும், தானா எட்த்துக்கக் கூடாது, தெரிதா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவர் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அக்கா நடந்துகொண்டே என் பக்கம் திரும்பாமல், "சாய்ங்காலம் அந்த கேம் பொட்டிய எட்த்துக்கினு வா. அந்த ஊரு ஆளுங்கள நாங்களும் பாக்கணும்," என்றார்.

மெசேஜை அழித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.