சல்லடையில் வந்த சம்மனசு

காட்டூரில் நாங்கள் வீடு கட்டிய வருஷம் எழுபத்திரண்டு. ஜீயபுரம் பக்கமிருந்து வந்து இறங்கிய காவிரி மணலைப் பூச்சு வேலைக்காகச் சலித்தபோது, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செம்புத் துண்டு சல்லடையில் நின்றது. அம்மா அதற்குப் புளி போட்டுத் தேய்த்தாள். ஓர் இறக்கை தெரிந்தது. பக்கத்தில் குட்டியாக ஒரு சிலுவையும் தெரிந்தது. அவ்வளவுதான்.

"மெடலுடா! காவல் சம்மனசு, நம்மள காக்குற தேவதூதரு. ஒரு பிள்ளைய கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு பாரு" என்று அந்த மணல் மேலேயே முழங்காலிட்டுவிட்டாள்.

எந்தப் பிள்ளை என்று கேட்க வேண்டியதில்லை. பட்டாளத்திலிருந்த என் தம்பி முந்தின வருஷப் போரில் பிடிபட்டு எதிரி நாட்டுச் சிறையில் கிடந்தான். உயிரோடிருக்கிறான் என்று ஒரே ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. அம்மா அந்தச் செம்பை மாதா படத்தடியில், தம்பியின் போட்டோவுக்கு முன்னால் வைத்தாள். தினம் ஜெபமாலை முடிந்ததும் அதை முத்தமிட்டு, "எம்புள்ளைய பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க" என்பாள்.

நான் அப்போது ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தென்று ஒன்றைக் கண்டால் படிக்காமல் விடமாட்டேன். கல்யாணப் பத்திரிகையைப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே திருத்திக் கெட்ட பேர் வாங்கியவன். மெடலின் விளிம்பில் தேய்ந்த எழுத்துகள் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவிடம் கெஞ்சி இரண்டு நாளைக்கு வாங்கிக்கொண்டு போனேன்.

அச்சகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், பழங்காசு என்றால் பைத்தியம். கையில் வாங்கியதும் தலையில் அடித்துக்கொண்டார். "மெடலா? ஓய், இது ரோமாபுரிக் காசு! புளி போட்டுத் தேய்ச்ச புண்ணியவதி யாரு?"

கரூரில் அமராவதி மணலில் இப்படி அகப்படுவதுண்டாம். அமராவதி காவிரியில்தானே வந்து சேர்கிறது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், அவர் கொண்டுவந்த காசுப் புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அவர் காசைத் திருப்பத் திருப்ப, நான் பூதக்கண்ணாடியில் பார்த்துக் காகிதத்தில் எழுதினேன். அழிந்த எழுத்துக்கு ஒரு புள்ளி. தலை இருந்த பக்கத்தில் மிஞ்சிய நாலெழுத்தை வைத்து மன்னன் தியோடோசியஸ் என்று பிடித்தோம். மறுபக்கம், 'சாலுஸ் ரெய்புப்ளிகே'. சாமியார் படிப்புக்காகக் குருமடத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டு ஓடிவந்தவன் நான். அங்கே கற்ற லத்தீன் முதல்முறையாக உதவியது. நாட்டின் நலம் என்று அர்த்தம் சொன்னேன். அதற்கும் கீழே, ஒரு கோட்டுக்கு அடியில், காசடித்த ஊரின் குறி: ஏ, என், டி. ஐயங்கார் புத்தகத்தைப் புரட்டி, "அந்தியோக்கியா" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிறிஸ்தவர்கள் என்ற பெயரே முதன்முதலில் வழங்கிய ஊர் அது. பூசை வாசகத்தில் கேட்கும்போதெல்லாம், மோட்சத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஊரில் ஒருவன் சம்மட்டி ஓங்கி அடித்த காசு, ஆயிரத்து அறுநூறு வருஷம் கழித்து எங்கள் வீட்டுச் சல்லடையில்! ஐயங்காரும் "பெருமாளே!" என்றார்.

பிறகு உருவத்தின் விவரத்தைப் படிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். இறக்கை வைத்திருந்தவள் வெற்றித் தேவதை. தோளில் இருந்தவை எதிரியிடம் பறித்த ஆயுதங்கள். கையில் பிடித்திருந்தது, போரில் பிடிபட்ட ஒரு கைதியின் தலைமயிர். அவனை இழுத்துக்கொண்டு போகிறாள்.

"அம்மாகிட்ட சொல்லவேண்டாம் ஓய்" என்றார் மெதுவாக.

சொல்வதில்லை என்றுதான் நானும் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் காசையும் நான் கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். அழப்போகிறாள், காசைத் தூக்கி எறியப்போகிறாள் என்று பயந்து நின்றேன்.

"எத்தனை வருஷமாச்சுன்னே?"

"ஆயிரத்து அறுநூறு இருக்கும்மா."

"அத்தனை வருஷமாவா இந்தப் புள்ளைய இழுத்துக்கிட்டே இருக்கா?" என்றாள். "இவனைப் பெத்தவளும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பாளேடா."

அன்று மாலை ஜெபமாலை முடிந்து, தம்பிக்காக மாதாவிடம் எப்போதும் சொல்லும் ஓர் 'அருள் நிறைந்த' மந்திரமும் முடிந்தது. நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை. "இன்னொண்ணு சொல்லு, அந்தப் புள்ளைக்கு" என்றாள். மறுபடி முழங்காலிட்டேன். வாழ்க்கையில் அன்றைக்குப்போல் நான் ஜெபித்ததில்லை.

அந்த வருஷக் கடைசியில் தம்பி எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அவனுக்கான மந்திரத்தை அம்மா அன்றோடு நிறுத்திவிட்டாள். மற்றதை, எண்பத்து மூன்றாம் வருஷம் கண்ணை மூடும்வரை ஒரு நாளும் விடவில்லை. ஒருமுறை தம்பியே கேலியாகக் கேட்டான், அது எதற்கு இன்னும் என்று.

"நீ வந்துட்டே. அவன் இன்னும் வரலையே" என்றாள்.