கையைத் தூக்கச் சொன்னது நான்தான்

மூன்று வருடங்களுக்கு முன்னால், புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள சமுதாயக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதெல்லாம் தைக்கக் கொடுக்க வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுத்தான். நல்ல வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் அளவு நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். அதனாலோ என்னவோ, மகளிர் குழுவில் யாராவது பேச வேண்டுமென்றால் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள்.

அந்தச் சமயம் குழந்தைகளுக்குச் செல்போன் வழியாக வரும் தொல்லைகளைப் பற்றி வார்டு வார்டாக விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற்பாடு செய்த தம்பி என்னிடம் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். முதல் வரியே "இணையவழிப் பாலியல் சுரண்டல்" என்றிருந்தது.

"இதப் படிச்சன்னா முன் வரிசையே எழுந்து போயிடும் தம்பி. நான் என் பாட்டுக்குப் பேசறேன்" என்றேன்.

"அதுக்குத்தாங்க்கா உங்களக் கூப்பிட்டது" என்றார்.

கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் அம்மாக்கள், முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள். என்னிடம் துணி கொடுக்கும் ஒருத்தி சொன்னதை வைத்தே ஆரம்பித்தேன். "போனுக்குள்ள இருக்கறவன் கையப் புடிச்சா இழுக்கப் போறான்னு கேக்கறாங்க. கையப் புடிக்க மாட்டான்மா. புள்ளையோட போட்டோவப் புடிச்சி வச்சிக்குவான். அத வச்சிக் காலம் பூரா இழுப்பான்."

பின்னாலிருந்து ஒரு குரல், "யம்மா, இந்த வாய வச்சிக்கிட்டா ஜாக்கெட்டு தைக்கிற?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ மூன்று தரம் எல்லோரையும் உரக்கச் சொல்ல வைத்தேன். கூச்சப்படாதீங்க, பயப்படாதீங்க, உடனே சொல்லுங்க என்று அடுக்கினேன்.

கூட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி, கையைத் தூக்கச் சொல்வது. வீட்டில் போன் இருக்கிறவங்க கையைத் தூக்குங்க என்றேன். எல்லாக் கையும் மேலே போனது. அம்மாவுக்குத் தெரியாமப் போன் பார்க்கிறவங்க என்றேன். பாதிக் கை, ஒரே சிரிப்பு. அதே வேகத்தில் மூன்றாவதாகவும் கேட்டேன். தெரியாத ஆள் போட்டோ கேட்டு, தராவிட்டால் வீட்டில் சொல்லிவிடுவேன் என்று யாரையாவது மிரட்டியிருக்கிறானா?

யாரும் தூக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வரி நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் பெண். பாதிதான் தூக்கியிருந்தாள்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குச் செய்தது வேறு. "பாத்தீங்களா, தைரியசாலிப் பொண்ணு. எல்லாரும் ஜோரா ஒரு தடவ கை தட்டுங்க" என்று மைக்கில் சொன்னேன்.

தட்டினார்கள். ஏற்பாடு செய்த தம்பி படம் எடுத்தார். அவளுடைய அம்மா எழுந்து வந்து, தூக்கிய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சும்மா இருந்தேனா? "புள்ளையத் திட்டாதீங்கம்மா" என்று அதையும் மைக்கிலேயே சொன்னேன்.

டீயும் சமோசாவும் கொடுத்து முடிப்பதற்குள் படம் ஏரியா வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. மைக்கோடு நான், எதிரே கை தூக்கிய அந்தப் பெண், முகம் தெளிவாக. "விழிப்புணர்வுக்குக் கிடைத்த வெற்றி" என்று எழுதியிருந்தார்கள். அதில் நான் நன்றாக விழுந்திருந்தேன். மகளிர் குழுவுக்கு ஒன்று, தையல்காரர்கள் குழுவுக்கு ஒன்று, சொந்தக்காரர்கள் குழுவுக்கு ஒன்று என்று அனுப்பினேன். ஸ்டேட்டஸிலும் வைத்தேன். பிள்ளைகள் படத்தைக் கண்ட இடத்தில் போடாதீர்கள் என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் பேசிய அதே ஆள்தான் நான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். என் கணவர் மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகளுடைய போனை நீட்டினார். நான் அனுப்பிய அதே படம். மிரட்டிக்கொண்டிருந்தவன் அதை அந்தப் பெண்ணுக்கே அனுப்பி, கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: "கை தூக்கினியா?"

படம் எங்கள் குழுக்களிலும் என் ஸ்டேட்டஸிலும்தான் சுற்றியிருந்தது. அப்படியென்றால் அவன் எங்களுக்குள்தான் எங்கோ இருக்கிறான்.

"எங்கியோ கண் காணாத ஊர்ல இருக்கறவன்னு நெனச்சிட்டிருந்தோம். இப்ப இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சிபோச்சி. மளிகைக் கடையில எவன் சிரிச்சாலும் அவனான்னு இருக்குது. இதுக்குத்தான் கை தட்டுனீங்களா?" என்றார்.

"வாங்கம்மா, இப்பவே போயி புகார் குடுப்போம். நானும் வர்றேன்" என்றேன்.

"நீங்க வராதீங்க. அதையும் யாராச்சும் போட்டோ எடுப்பாங்க" என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏற்பாடு செய்த தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். குழுவிலிருந்து படத்தை எடுத்துவிட்டார். ஆனால் "ரிப்போர்ட்டுல அந்தப் படந்தாங்க்கா மேல போயிருக்கு, அத இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். புகார் கொடுப்பது பெற்றவர்கள் பாடு என்றும் சொன்னார். அப்படி இல்லை, தெரிந்த யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று அவர் கொடுத்த தாளிலேயே இருந்தது. அதைப் படித்து என் வார்த்தையில் கூட்டத்துக்குச் சொன்னவளும் நான்தான்.

எண் எனக்கு மனப்பாடம். புதன்கிழமை போனை எடுத்தேன். படம் அவனுக்கு எப்படிப் போனது, யாரெல்லாம் அனுப்பினீர்கள் என்று முதலில் கேட்பார்களே என்று தோன்றியது. வைத்துவிட்டேன். வியாழக்கிழமை ஒரு கல்யாண ஜாக்கெட்டைச் சாக்கு வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை, அந்த அம்மாவே இந்நேரம் கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமைதான் அழுத்தினேன்.

மறுநாளே உதவி எண்ணிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அந்தப் பெண்ணின் வீடு பூட்டியிருந்தது. பெண்ணின் அப்பா வெள்ளிக்கிழமை அந்தப் போனை வாசல்படியில் போட்டு நொறுக்கிக் குப்பை வண்டியில் எறிந்துவிட்டு, குடும்பத்தோடு மாமியார் ஊருக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதிகாரி அங்கேயும் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். எங்கள் பெண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை, விட்டுவிடுங்கள் என்று அப்பா அம்மா இருவரும் கும்பிட்டார்களாம். பெண்ணைக் கண்ணிலேயே காட்டவில்லையாம். பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த அதிகாரி என் மேல் கோபப்படவில்லை. "ரெண்டு நாள் முன்னாடி கூப்பிட்டிருந்தா அந்த போன் கெடச்சிருக்கும்மா. எல்லாம் அதுலதான் இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. ஏரியா வாட்ஸ்அப் குழு அப்படியேதான் இருக்கிறது. காலையில் வணக்கம் போடுகிறவர்களில் ஒருவனாக அவனும் போடுகிறானோ என்னவோ.

பிள்ளைகள் ஏன் உடனே வந்து சொல்வதில்லை என்று இப்போதும் பெரியவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நாற்பது தாண்டிய எனக்கு, நான் செய்த தவறு வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில், நாலு எண்ணை அழுத்த நாலு நாள் ஆனது. ஒரு தவறும் செய்யாத அந்தப் பெண் அத்தனை பேர் நடுவில் ஒரு நொடியில் சொல்லிவிட்டாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரிவதில்லை.