திரும்பிப் பார்க்காத நடை

மலேசியாவின் ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டும் தனேஸ்வரனிடம் இருவாச்சிப் பறவைப் படங்கள் ஏராளம். கரடிப் படம் ஒன்றுகூடக் கிடையாது. படம் எடுக்கும் கூட்டத்தில் யாராவது கேட்டால், "பாத்திருக்கேன், எடுக்கல" என்பார். பிறகு கோப்பியைக் குடிப்பார்.

அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம், கல்லுமலைத் தோட்டத்தில். ரப்பர் போய் வெகுகாலம். பாதி நிலத்தில் செம்பனை நிற்கிறது. மலையோரத்து மீதியில், யாரும் வெட்டாமல் விட்ட ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே காடு தன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. தொழிலாளர் லயங்கள் இல்லை, ஆட்கள் இல்லை. எல்லையில் முனியாண்டி மட்டும் இருக்கிறார்: ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரம்.

ஆடியில் ஒருநாள் குடும்பம் அங்கே போய்ப் படையல் வைக்கும். வீட்டின் மூத்த பெண் வைக்க வேண்டும். துணைக்கு ஒருவர் போகலாம். மற்றவர்கள் செம்மண் சாலையிலேயே நிற்க வேண்டும். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. வைத்துவிட்டுக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் முனி கூடவே வந்துவிடும் என்பார் தனேஸ்வரனின் அக்கா வீரம்மா.

இரண்டு வருடமாகப் படையல் காலியாகிக்கொண்டிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்த பவித்ரன், வீரம்மாவின் மகன், வாழையிலை நக்கித் துடைத்ததுபோல் கிடந்ததாகச் சொன்னான். தேன் கிண்ணத்தில் ஈ மொய்க்கக்கூட மிச்சமில்லை. "அப்பா காலத்துக்கு அப்புறம் இப்பத்தான் சாமி ஏத்துக்கிச்சு" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தனேஸ்வரன் வேறொன்றைப் பார்த்திருந்தார். இருவாச்சி தேடிப் போன ஒரு சனிக்கிழமை, கல்லுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பால்மரத்தில் நீளநீளமாய்க் கீறல்கள். அப்பா காலத்துப் பால்வெட்டுக் கத்தி போட்ட பழைய தழும்புகளுக்குக் குறுக்கே, ஈரம் காயாத புதுத் தழும்புகள்.

"அக்கா, அது கரடி. சோறு வைக்க வைக்க, அது அந்த எடத்த தன்னோடதுன்னு நினைச்சுக்கும். ஒருநாள் நீங்க போறப்ப அங்கயே உக்காந்திருக்கும்."

"உனக்கு எல்லாமே மிருகந்தான்டா."

"ஒரு போட்டோ காட்டுங்க மாமா, நம்புறேன்" என்றான் பவித்ரன். "சும்மா வாயாலயே கரடி விடாதீங்கலா."

அதனால்தான் இந்த முறை கேமராவை மாட்டிக்கொண்டு தனேஸ்வரனே துணைக்குப் போனார். அக்காவுக்கு முட்டிவலி. கரடி எதிரே வந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு படம், ஒரே ஒரு படம் கிடைத்துவிட்டால் அடுத்த வருடம் சோறு வைப்பதை நிறுத்திவிடலாம்.

மழை விட்ட பிற்பகல். காட்டில் நடக்கும்போது தனேஸ்வரன் கைதட்டிக்கொண்டே, பேசிக்கொண்டே போவது வழக்கம். ஆள் வருவது தெரியாமல் திடுக்கிடும் கரடிதான் பாயும். இங்கே ஒருமுறை கையைத் தூக்கியதுமே அக்கா கண்ணால் அடக்கிவிட்டார். இருவரும் திருடர்களைப்போல் நடந்தார்கள். பறவை ஒன்றும் கத்தவில்லை.

இலை விரித்துச் சோறு, கறி, பழம், தேன் வைத்தாயிற்று. சூடம் அணைந்தது. அக்கா திரும்பி முன்னே நடந்தார்.

சிறிது தூரத்தில் அந்த வாடை வந்தது. நனைந்த நாயும் அழுகிய பழமும் கலந்ததுபோல. பிறகு பின்னால் இலை கிழியும் சத்தம். அக்காவின் தோள்கள் உயர்ந்தன. நடை வேகமாயிற்று.

"ஓடாதீங்கக்கா" என்றார் தணிந்த குரலில். "மெதுவா போங்க."

தனேஸ்வரன் திரும்பினார். கல்லின் முன்னால் கறுப்பாய் அது நின்றது. நெஞ்சில் மஞ்சள் பூசியதுபோல் ஒரு பிறை.

கை தானாகக் கேமராவுக்குப் போனது. படம் எடுக்க வேண்டுமானால் நிற்க வேண்டும், அக்கா நிற்கமாட்டார். கேமராவை விட்டுவிட்டு அந்தக் கையால் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். முகம் கரடியைப் பார்த்திருக்க, பின்பக்கமாகவே அடி வைத்தார். "நாங்க போறோம், போய்க்கிட்டே இருக்கோம்" என்று அதனிடம் முணுமுணுத்தார்.

"வேர் இருக்கு" என்றார் அக்கா, திரும்பாமல். பிறகு, "பள்ளம்."

அவர் பார்க்கக் கூடாததை இவர் பார்த்தார். இவர் பார்க்க முடியாததை அவர் சொன்னார்.

அப்போது கரடி சோற்றை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் வரத் தொடங்கியது. தனேஸ்வரனுக்குப் புரியவில்லை. தின்ன இவ்வளவு இருக்கும்போது அது எதற்கு வர வேண்டும்? இவர்கள் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக. மூக்கால் புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு, இவர்களுக்கும் அப்பால் எதையோ பார்த்துக்கொண்டு.

அக்கா சட்டென்று நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க?"

 கரடியும் நின்று, பின்னங்காலில் எழுந்தது. சிள்வண்டுகூட ஓய்ந்திருந்தது.

"இப்ப போலாம்" என்றார் அக்கா. பாதையை விட்டு இடப்பக்கம் லாலான் புல்லுக்குள் இறங்கினார். கரடி, அக்கா நின்ற இடம்வரை வந்து தரையை மோந்தது. பிறகு வலப்பக்கப் புதருக்குள் போய் மறைந்தது. இவர்களை அது பொருட்படுத்தவே இல்லை.

செம்மண் சாலையில் காத்திருந்த பவித்ரன் காரை ஓட்டியபடி, "போட்டோ கெடைச்சுச்சா மாமா?" என்று கேட்டான். தனேஸ்வரன் இல்லையென்று தலையாட்டினார். ஈப்போ நெருங்கும்போது அக்கா மெல்லச் சொன்னார்.

"நீ பின்னால என்னத்தப் பாத்தேன்னு நான் கேக்கமாட்டேன். ஆனா முன்னால ஒன்னு போய்க்கிட்டே இருந்துச்சுடா. கறுப்பா, சின்னதா. முனியோட நாய்க்குட்டி, வழி காட்டுதுன்னு நினைச்சு அது பின்னாலயே நடந்தேன். ஒரு எடத்துல நின்னு என்னையப் பாத்துச்சு. நானும் நின்னேன். அப்புறம் வலது பக்கம் போயிருச்சு. சாமியோடத மறிக்கக் கூடாதுன்னு நான் எடது பக்கம் ஒதுங்கிட்டேன்."

தனேஸ்வரன் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார். முன்னால் குட்டி, பின்னால் தாய், நடுவில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இவர். குட்டி போன பக்கமே அக்காவும் போயிருந்தால்?

அருகே வந்து நின்ற அக்காவிடம் சொன்னார். 

"அப்ப அது நாய் இல்லையா."

"இல்லக்கா."

மறு வருடம் அக்கா எலுமிச்சம்பழமும் சூடமும் மட்டுமே எடுத்துவந்தார். ஒற்றையடிப் பாதையில் இறங்கியதும் அவரே கையைத் தட்டினார். "முனி கோவிச்சுக்காது" என்றார்.

சூடம் அணைந்ததும் முன்போலவே திரும்பாமல் நடந்தார். தனேஸ்வரன் தலைப்பைப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்தார். கல்லுக்குப் பின்னால் லாலான் புல் ஒருமுறை அசைந்து, பிறகு அசையாமல் நின்றது. கேமரா காரில் இருந்தது.

"வேர் இருக்கு" என்றார் அக்கா.