பஸ் படியில் வெள்ளைச் சுவடு

அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'ஆதாரம் எங்கே?' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கும். எழுதியவர் எங்கள் நூலக அம்மா. எழுபதுகளில் விருத்தாசலத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் புவியியல் டீச்சர். மாணவிகளே எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்றைக் கையெழுத்துப் பிரதியாகத் தயாரித்தோம். கட்டுரைகளை மதிப்பிட நாங்கள் இருவர். நூலக அம்மா 'சரி' போடாத எதுவும் அதில் ஏறாது. அந்தப் பென்சிலைக் கண்டால் டீச்சரான எனக்கே பயம்.

மனிதப் புவியியலுக்கு மற்ற பிள்ளைகள் பாடப்புத்தகத்தை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்புக் கடை வைத்திருந்தவரின் மகள் மட்டும், எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகளுக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எழுதியிருந்தாள். சாயங்காலம் வேலை முடித்து வருகிறவர்களின் கால் மண் பஸ் படியில் வெள்ளையாக ஒட்டுகிறது. வேப்பூர், நல்லூர் பஸ்களில் நிறைய. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் துளியும் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை. கடையில் உட்கார்ந்து கால்களையே பார்த்து வளர்ந்த பெண் அல்லவா! படித்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நூலக அம்மா அசையவில்லை. "படிக்க நல்லாத்தான் இருக்குது. எந்தப் புஸ்தகத்துல இருக்குது?" என்று தாளைத் தள்ளி வைத்துவிட்டார். வாசலில் காத்திருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "புஸ்தகத்த எல்லாருக்கும் காட்டுற அன்னிக்கு அத்தா கடைய மூடிட்டு வரேன்னு சொல்லியிருக்காங்க, டீச்சர்" என்றாள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "புஸ்தகத்துல இல்லாட்டி பஸ்ஸுல பாத்துடலாம், வாங்கம்மா" என்று அவரைக் கிளப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மொடமொடக்கும் கஞ்சிப் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பஸ் படியாகக் குனிந்து பார்த்தார் நூலக அம்மா. "என்னாங்க டீச்சரு, கம்மலு எதுனா வுழுந்துடுச்சா?" என்று கேட்டார் கண்டக்டர். "இல்லப்பா, கட்டுரை திருத்துறோம்" என்றார் இவர், சிரிக்காமல்.

வேப்பூர் பஸ்ஸில் வெள்ளை. நல்லூர் பஸ்ஸில் வெள்ளை. சேத்தியாத்தோப்பு பஸ் படி துடைத்துவிட்டது போல இருந்தது. அவள் எழுதியது அத்தனையும் சரி என்று நான் துள்ளும்போதுதான் அவர் குழாயடியைக் காட்டினார். அங்கே தண்ணீர் பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கால் கழுவிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சொன்னாள்: "சேத்தியாத்தோப்பு வண்டி கண்டக்டரு வெள்ளக் காலோட ஏத்த மாட்டாருங்க. கழுவிட்டுதான் ஏறணும்."

தப்பு அகப்பட்டுவிட்டது. இத்தோடு கட்டுரை போயிற்று என்று என் முகம் தொங்கிவிட்டது. அவரோ சின்னப் பிள்ளை போல என் கையைப் பிடித்து உலுக்கினார். "பாத்தீங்களா! ஒரு வரிதான் தப்பு. அத மாத்தச் சொல்லுங்க, போதும்!" அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். வெளியீட்டு நாளில் செருப்புக் கடை பூட்டியிருந்தது. மகளின் பக்கத்தை அத்தா விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

இப்போது எந்தத் தகவலைக் கேட்டாலும் நொடியில் கைப்பேசியில் வந்துவிடுகிறது. நானும் பார்க்கிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திருத்தப்பட்ட அந்த முதல் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 'ஆதாரம் எங்கே?' என்ற கேள்விக்குக் கீழே, அதே சிவப்புப் பென்சிலில், அதே கையெழுத்தில் பதில் இருக்கிறது: 'மூன்று பஸ் படி, ஒரு குழாயடி. நானே பார்த்தேன். சரி.'