பக்கத்துத் தீவின் பாஷை

விமானத்தில் உங்கள் முன்னால் வைக்கப்படும் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியும் வெண்ணெய்க் கட்டியும் தானாக வந்து உட்காருவதில்லை. நாங்கள் வைக்கிறோம். ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில் வீடு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை. பெல்ட் ஓடும், தட்டு வரும், வைப்போம். இதற்காகவா ஊரில் பட்டப்படிப்பு முடித்தாய் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

பெல்ட்டில் எனக்கு இடப்பக்கம் நிற்பவள் டோங்காக்காரி. டோங்காவில் பிறந்து வளர்ந்து கலியாணம் கட்டி வந்தவள், வாய் ஓயாதவள். வலப்பக்கம் நியுவேக்காரி. அவள் ஆக்லாந்திலேயே பிறந்தவள். அவளுடைய அப்பாதான் இளம் வயதில் நியுவேத் தீவிலிருந்து வந்தவர். எங்கள் மேற்பார்வையாளருக்குத் தீவுக்காரர் எல்லாரும் ஒரே மொழிக்காரர். தமிழும் இந்தியும் ஒன்றுதானே என்று என்னிடமே கேட்ட புண்ணியவான் அவர். ஆனால் இந்த இருவர் விஷயத்தில் அவர் முழுக்கப் பிழை இல்லை. பசிபிக் கடலெங்கும் பரவிக் கிடக்கிற பெரிய மொழிக் குடும்பத்தில் டோங்காவும் நியுவேயும் சேர்ந்து தனியாக ஒரு சின்னக் கிளை. சமோவாவும் மாவோரியும் வேறு கிளை. தட்டுகளை எண்ணும்போது கேட்டிருக்கிறேன். தாஹா, உவா, தொலு, ஃபா வரை இருவருக்கும் ஒரே சொல். ஐந்து வந்ததும் ஒருத்தி நிமா என்பாள், மற்றவள் லிமா என்பாள். நியுவேக்காரிக்குத் தெரிந்த நியுவே அநேகமாக அந்த எண்களோடு சரி.

அதற்குக் காரணம் அவளுடைய அப்பாவேதான். தீவுப் பாஷை இங்கே சோறு போடாது, வீட்டுக்குள் இங்கிலிஷ் மட்டும் என்று சட்டம் போட்டு வளர்த்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மகன் நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலிசில்தான் பதில் சொல்கிறான். ஒரு சட்டமும் போடாமலேயே நான் அதைச் சாதித்திருக்கிறேன்.

போன குளிர்காலம் அவளுடைய அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கை, கால் ஓரளவு திரும்பின. ஞாபகம் பாதிதான் திரும்பியது, இங்கிலிஷ் திரும்பவேயில்லை. முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நியுவேயில் மட்டும் பேசினார். மகள் ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வருவாள். திங்கட்கிழமை அவள் கண்ணைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவள் எங்கள் இருவரிடமும் சொன்னாள். நாங்கள் பேசியது இங்கிலிஷ்தான், ஆனால் என் காதில் எல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் இருக்கிறது. "என்னைக் கண்டவுடன ஏதோ சொல்லுறார். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்லுறார். ஏதோ கேக்கிறார் போல. அதை மட்டும் செய்து குடுத்திட்டால் எனக்குப் போதும்."

"உங்கட தேவாலயச் சபையில நியுவே ஆக்கள் இருப்பினமே, ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாமே?" என்றேன்.

"அப்பான்ர பாஷை தெரியாதோ எண்டு கேப்பினம். எனக்கு வெக்கம்," என்று டோங்காக்காரியைப் பார்த்தாள். "உனக்கு விளங்குமோ?"

தன் ஆட்களிடம் கேட்க வெட்கம், அடுத்த தீவுக்காரியிடம் கேட்க வெட்கமில்லை. எங்கள் சனமும் இப்படித்தான், அதனால் எனக்கு நன்றாக விளங்கியது. டோங்காக்காரி உடனே நெஞ்சை நிமிர்த்தினாள். "நியுவே எங்கட பாஷைக்குத் தங்கச்சி. எனக்கு எல்லாம் விளங்கும். நான் வாறன்." எனக்கு மலையாளப் படத்தில் பாதி விளங்கும், கதை எப்போதும் மற்றப் பாதியில் இருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஞாயிறு என் காரிலேயே போனோம். மகள் சேம்பங்கிழங்கையும் பப்பாசியையும் தேங்காய்ப்பாலில் அவித்துக் கொண்டு வந்திருந்தாள். அவர் ஒடுங்கிப்போன பெரிய மனிதர். மகள் "டாட்" என்று கிட்டப் போனதும் கதிரையில் பின்வாங்கினார். அவரைத் தொட்டுப் போர்வையைச் சரிசெய்தாள். அவர் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

டோங்காக்காரி குனிந்து தன் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். கிழவரின் முகம் அப்படியே திறந்தது. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். அவள் கொடுத்த கிழங்கைச் சாப்பிட்டார். தீவிலிருந்து தன்னைத் தேடி ஒரு சொந்தக்காரி வந்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவித்துக்கொண்டு வந்தவள் கட்டிலின் கால்மாட்டில், அடுத்தவர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றாள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

பிறகு அவர் மகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி டோங்காக்காரியிடம் ஒன்றைச் சொன்னார், கெஞ்சுகிற மாதிரி.

"அதுதான்!" என்று மகள் பாய்ந்து வந்தாள். "அதைத்தான் எப்பவும் சொல்லுறவர். என்னவாம்?"

டோங்காக்காரி கிழவரின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "விளங்கேல்லை," என்றாள். "எங்கட பாஷை வேற, உங்கட வேற. நான் சும்மா பெரிசாச் சொல்லிப்போட்டன்."

மகளைக் கொண்டுபோய் வீட்டில் இறக்கியதும் நான் கேட்டேன். "உண்மையாவே விளங்கேல்லையோ?"

டோங்காக்காரி என் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு சொல்லும் விளங்கினது," என்றாள். "இந்தப் பொம்பிளை ஆர், ஒவ்வொரு கிழமையும் வந்து இங்கிலிசில அழுறாள், எனக்குப் பயமாயிருக்கு, இனி இவளை உள்ள விடாதையுங்கோ எண்டார்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். மகளிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று பெரிய நியாயமெல்லாம் பேசினேன். "அப்ப நீ சொல்லு," என்றாள் டோங்காக்காரி. நான் மறுபடி காரை எடுத்தேன். அவர் போட்ட சட்டம், அவருக்கே பிள்ளையை அந்நியமாக்கிவிட்டது. இதை எந்தப் பாஷையில் யாரிடம் சொல்லி அழுவது?

திங்கள் காலை நியுவேக்காரி என்றுமில்லாத உற்சாகத்தோடு வந்தாள். தலையைக்கூட அழகாகப் பின்னியிருந்தாள். டோங்காக்காரியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "உன்னை நம்பினது என்ர பிழை. தங்கச்சிப் பாஷையாம்!" என்று சிரித்தாள். பெல்ட் ஓடத் தொடங்கியது. கரண்டிகளை எடுத்துக்கொண்டே எங்கள் இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வெக்கம் பாத்தது போதும் எண்டு நேற்றுப் பின்னேரம் சபைக்குப் போனன். அப்பான்ர ஊரிலேயே பிறந்த ஒரு அம்மா வாறன் எண்டு சொல்லியிருக்கிறா. வாற ஞாயிறு அவர் சொல்லுறதில ஒரு சொல்லும் தவறாது."