ஒழுங்கான கடல்

எண்பதுகளின் நடுவில், வட அட்லாண்டிக் கடலின் ஒரு பகுதி மலேசியாவில், கோலா சிலாங்கூரில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருந்தது. நான் அதற்கு மேற்பார்வையாளன்.

கடல் பெட்டிகளில் வரும். பெட்டிக்குள் பழைய கப்பல் பதிவேடுகளின் நகல்கள். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து பக்கம் திமிங்கிலம் தேடியும் மீன் தேடியும் போன கப்பல்கள் அவை. ஒவ்வொரு காவல் முறையிலும் ஒரு மாலுமி வாளியை இறக்கிக் கடல்நீரை மேலே இழுப்பான். அதில் வெப்பமானியை விட்டுப் பார்த்து எண்ணைக் கட்டத்தில் எழுதுவான். ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த எண்கள் கணினியில் வேண்டியிருந்தன. வடக்கே சில பத்தாண்டுகள் கடல் சூடேறுகிறது, சில பத்தாண்டுகள் குளிர்ந்து பனி தெற்கே இறங்கி வருகிறது. இது புதிய சங்கதியா, கடலின் பழைய பழக்கமா என்று தெரிய வேண்டுமானால், செத்துப்போன மாலுமிகளைத்தான் கேட்க வேண்டும் என்று அந்த விஞ்ஞானி எழுதியிருந்தார்.

அவர்கள் ஊரில் தட்டச்சுக்குக் கூலி அதிகம். எங்கள் முதலாளி தட்டச்சுப் பள்ளி நடத்திச் சலித்துப்போனவர். இந்தக் குத்தகை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கோலா குபு பாருவில் பல ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன் நான். குத்தகைகள் எப்படிக் கிடைக்கும் என்பது தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். எல்லோரும் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். கணினிக்குக் குளிர் வேண்டும் என்பதால் அறையில் குளிர்சாதனம் ஓடும். அவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒருவரும் கண்டிராத பனிக்கடலை அடித்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போயும் உப்புத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும் என்பதை நம்பித்தான் அடித்தோம். வழிகாட்டி நூலின் விதிகளை நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். முதல் விதி: பார்த்ததை அடி, நினைத்ததை அடிக்காதே. இரண்டாம் விதி: கட்டம் காலியென்றால் காலியாகவே விடு.

அடித்ததைச் சரிபார்க்க ஒரு கிராணியாரை வைத்திருந்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். முத்து முத்தான கையெழுத்து. அவருடைய சேவைக்காலம் முழுவதிலும் தணிக்கையாளர் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லையாம். அதை நான் தகுதி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் தொகுதியை அனுப்பிச் சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. பெண்களை எழுந்திருக்கச் சொல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே கேட்கும்படி அதைத் தமிழில் வாசித்தேன்.

"உங்கள் கடல் மிகவும் ஒழுங்காக இருக்கிறது" என்று தொடங்கியிருந்தார் விஞ்ஞானி. புயலிலும் பனிக்கட்டிக்கு நடுவிலும் வாளி இறக்க முடியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கட்டம் காலியாகத்தான் இருக்கும். நாங்கள் அடிக்கத் தேவையில்லாத குறிப்புப் பத்தியில், "இன்று இறக்கவில்லை" என்று மாலுமியே தன் மொழியில் எழுதியுமிருக்கிறான். எங்கள் கோப்பிலோ அந்த நாட்களிலும் வெப்பநிலை இருந்தது. முந்தின நாள் எண்ணுக்கும் மறுநாள் எண்ணுக்கும் நடுவே, மேடு பள்ளமில்லாமல், சாந்தமாக. கடல் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் அதை மட்டப்படுத்தி அனுப்பியிருந்தோம். எந்த எண்கள் அளந்தவை, எந்த எண்கள் இட்டவை என்று ஒரு மாதத்துக்குள் பிரித்துக் காட்டாவிட்டால் அடுத்த பெட்டி வராது.

"யாரு அடிச்சது?" என்றார் முதலாளி. "பேரைச் சொல்லுங்க, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"காலின்னா காலின்னுதான் விட்டோம், முதலாளி" என்றாள் ஆறு பேரில் வேகமாக அடிக்கிறவள். ஜெராம் சாலைத் தோட்டத்திலிருந்து வருகிறவள். மற்ற ஐவர் சார்பிலும் அவள்தான் பேசுவது வழக்கம்.

"சரிபாக்கறப்ப நான்தான் போட்டேன்" என்றார் கிராணியார். மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "கட்டம் காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா?"

"காலியா இருந்தா நிரப்பணும். தோட்டத்துல மழைக்கணக்கு நான்தான் எழுதினேன். ஒரு நாள் காலியா விட்டதில்ல. விட்டா துரை கேப்பாரு. ஞாயித்துக்கிழமை போயி மழைமானிய யாரு பாக்கறது?"

"அப்ப ஞாயித்துக்கிழமை மழை?" என்று கேட்டேன்.

"பெஞ்சது. அளவாத்தான் பெஞ்சது."

"எங்க லயத்து வீடுங்கள்ல ஞாயித்துக்கிழமை வெள்ளமே வந்திருக்கு, கிராணி ஐயா" என்றாள் ஜெராம் சாலைக்காரி.

"அது கணக்குல வரலம்மா."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முதலாளி கீழே இறங்கிப் போனபின் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, பெட்டி நின்னுபோனா என்னா ஆகும்?"

"நடைமுறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்துவாங்க."

"தோட்டத்துல வேலை வாங்கற மண்டோரு, ஆள் பட்டியல்லேர்ந்து என் பேரை இன்னும் அடிக்கல அண்ணே. 'நீ திரும்பி வருவே லா, பாப்போம்'னு போறப்ப வர்றப்ப சொல்றான். நான் மறுபடி செம்பனைக்கு அடியில உதிரிப்பழம் பொறுக்கப் போக மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

போய் உட்காரச் சொன்னேன்.

எல்லாப் பக்கங்களையும் கோப்போடு மறுபடி ஒப்பிடுவது என்றால் ஒரு மாதம் போதாது. ஆகவே கிராணியாரிடம், எதையெல்லாம் நிரப்பினார் என்று நினைவிருக்கிறதா எனக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எப்படிச் சொல்றது? பாத்தா தெரியக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போட்டது."

"எப்படிப் பாத்துப் போட்டீங்க?"

"சைபர்ல, அஞ்சுல முடிக்கவே மாட்டேன். முடிச்சா குத்துமதிப்புன்னு ஆடிட்டரு புடிச்சிருவான். மூணு போடுவேன், ஏழு போடுவேன். எப்பவாச்சும் ஒண்ணு."

தட்டும் சத்தம் நின்றது. ஜெராம் சாலைக்காரி நாற்காலியைத் திருப்பினாள். "மாலுமிங்க எல்லாரும் சைபர்லயும் அஞ்சுலயும்தானே முடிக்கிறாங்க?"

அது எல்லோரும் தினமும் அடித்த சங்கதிதான். அந்தக் காலத்து வெப்பமானியில், ஆடுகிற தளத்தில், விரைத்த கையோடு, யாரும் அரை டிகிரிக்கு மேல் நுணுக்கம் பார்த்ததில்லை. உண்மையாக அளந்தவர்கள் தோராயமாக எழுதியிருந்தார்கள். அளக்காதவர் துல்லியமாக எழுதியிருந்தார்.

கிராணியார் அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "நம்ம துரைமாருங்க இவ்வளவு கவனிச்சுப் பாக்க மாட்டாங்க" என்றார்.

அதன்பின் வேலை எளிது. கோப்பை அச்செடுத்து, மூன்றிலும் ஏழிலும் ஒன்றிலும் முடியும் வரிகளுக்கு மட்டும் சிவப்பு அடையாளம் போட்டு, அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்தோம். முதலாளியும் உட்கார்ந்தார். கட்டம் காலியா இல்லையா என்று பார்க்கும் வேலை அவருக்குப் பிடித்திருந்தது, முடிவெடுக்கத் தேவையில்லை. அநேகமாக எல்லா இடத்திலும் கட்டம் காலிதான். நிரப்பியதை அழித்தோம்.

ஒரு கப்பலில் மட்டும் கணக்கு உதைத்தது. சிவப்பு விழுந்த வரிகளுக்குத் தாளிலும் எண் இருந்தது. மாலுமியே எழுதியது, மூன்றும் ஏழுமாக. தாளைக் கிராணியாரிடம் கொண்டுபோனோம். இது தன் கைவரிசை இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வாங்கிப் பார்த்தார். விரலால் கீழே இறங்கிக்கொண்டே போனார்.

"ஒரே நேரத்துல உக்காந்து எழுதியிருக்கான். எழுத்து சாய்வு எங்கயாச்சும் மாறுதா பாருங்க. பக்கத்துக் கட்டத்துல காத்து திசை மாறுது, வேகம் மாறுது. கடலு மட்டும் சாதுவா இருக்கு. இவன் வாளிய இறக்கவே இல்ல."

"கள்ளனுக்குத்தான் கள்ளன் கால் தெரியும்" என்றார் முதலாளி.

கிராணியார் அதைப் பொருட்படுத்தவில்லை. "அந்தக் குளிருல யாருதான் இறக்குவா?" என்றார்.

இனி ஒரு சிக்கல். விதிப்படி பார்த்ததை அடிக்க வேண்டும், அடித்துமிருந்தோம். சந்தேகத்தை எழுத விதியில் இடமில்லை. எழுதினால், தங்கள் தப்பை மறைக்க மாலுமி மேல் பழி போடுகிறார்கள் என்று ஆராய்ச்சி நிலையத்தார் நினைக்கலாம்.

"வேணாம்" என்றார் முதலாளி. "நம்ம திருட்டே போதும். அந்தக் கப்பல்காரன் திருட்டு நமக்கு எதுக்கு?"

எனக்கும் அதுதான் நல்ல நடைமுறையாகப் பட்டது. ஆனால் இந்த முடிவால் வீட்டுக்குப் போகக் கூடிய ஜெராம் சாலைக்காரி அங்கே நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எழுதுங்க அண்ணே" என்றாள். "விட்டுட்டு, அவங்களே பின்னாடி கண்டுபிடிச்சா, அதையும் நாமதான் போட்டோம்பாங்க."

எழுதினேன். அழித்தவற்றின் விவரத்தை இணைத்தேன். கிராணியாரை "முன் அனுபவமுள்ள பணியாளர்" என்று குறிப்பிட்டேன். கடைசிப் பத்தியில் அந்தக் கப்பல்.

பதில் வரும்வரை அடிக்க ஒன்றுமில்லை. மற்றவர்கள் முறைவைத்து வந்தார்கள். அவள் தினமும் வந்தாள். விசைப்பலகைகளைத் துடைத்தாள், சன்னலில் நின்று ஆற்றைப் பார்த்தாள், தபால்காரர் படியேறினால் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள். ஒரு நாள் மண்டோர் பஸ் நிறுத்தத்தில் நின்று, "பழம் பொறுக்கப் புதுச் சாக்கு வந்திருக்கு, உனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்றானாம். அதைச் சொன்னபோது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

கடிதத்துக்கு முன்பே பெட்டி வந்துவிட்டது. விஞ்ஞானியின் குறிப்பு அதற்குள்ளேயே இருந்தது. திருத்தங்களை ஏற்றுக்கொண்டார். அந்தக் கப்பலின் அந்த நாட்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டதாகவும், அவ்வளவு சாந்தமான கடல் எங்கிருந்து வந்தது என்று தாமும் குழம்பியிருந்ததாகவும் எழுதியிருந்தார். இனிமேல் முன் அனுபவமுள்ள பணியாளர் ஒவ்வொரு பதிவேட்டையும் முதலில் படித்து, வாளி இறங்காத நாட்களைக் குறித்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார். ஆனால் விசைப்பலகையை அவர் தொடாமல் இருந்தால் நல்லது.

மறுநாள் ஜெராம் சாலைக்காரி தாமதமாக வந்தாள். அதற்குமுன் அவள் தாமதமாக வந்ததில்லை.

"மண்டோருகிட்ட போயி என் பேரை அடிக்கச் சொல்லிட்டு வரேன் அண்ணே."

"அடிச்சானா?"

"அடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

தாமதம் தாமதம்தான், குறித்துக்கொண்டேன். அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, புதுப் பெட்டியின் முதல் தாளைப் பிரித்து, கிரீன்லாந்துக்குத் தெற்கே, மைனஸ் ஒன்று புள்ளி ஐந்திலிருந்து தொடங்கினாள்.