கூப்பிடாத பெயர்

என் தாத்தா கடலூர் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வாதி, பிரதிவாதி, சாட்சி என்று எல்லோர் பெயரையும் வாசலில் நின்று மூன்று முறை கூவுவதுதான் வேலை. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரலைப் பற்றித் தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர் என் பெயரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

நான் வளர்ந்தது புனேயில். அம்மா மராத்திக்காரி. அப்பாவின் தமிழ் போனில் மட்டும்தான் கேட்கும். எனக்கு எட்டு வயதில், தம்பி பிறக்கப்போகிற சமயம், கோடை விடுமுறைக்கு என்னைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பா ரயிலேறிவிட்டார். எனக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் என் பெயர். அதை வைத்துக்கொண்டு எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் அதைச் சொல்லவேயில்லை. பாட்டிக்கு நான் 'இந்தாம்மா'. தாத்தாவுக்கு 'பாப்பா'. எதிர்வீட்டுக் குழந்தையையும் அவர் பாப்பா என்றுதான் கூப்பிட்டார், அதுதான் எனக்கு ஆறவேயில்லை. ஒன்று, இவர்களுக்கு என் பெயர் தெரியாது. இல்லையென்றால் பிடிக்கவில்லை. பெயரே பிடிக்காதவர்களுக்கு என்னை எப்படிப் பிடிக்கும்? தட்டில் இட்லி விழுந்துகொண்டேயிருந்தது, தினமும் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள் பாட்டி. அதெல்லாம் எனக்குப் பொருட்டாகவே படவில்லை. ஒருநாள் பாட்டியை உட்காரவைத்து, என் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாளே ஒழிய, திருப்பிச் சொல்லவில்லை. தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

என் நட்சத்திரப் பிறந்தநாளுக்குத் திருவந்திபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். சிதம்பரத்திலிருந்து அத்தையும் வந்திருந்தாள். மாமாவின் வேலைக்காகச் சில வருடம் வடக்கே இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் இந்தி வரும். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தாத்தா நட்சத்திரத்தைச் சொன்னார். பெயருக்குப் பாட்டியைப் பார்த்தார். பாட்டி அவரைப் பார்த்தாள். கடைசியில், பின்னால் நின்ற அத்தைதான் சொன்னாள். தெரியாதுதான் என்பது உறுதியாகிவிட்டது. சன்னதி என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அத்தை தன் அரைகுறை இந்தியில் விளக்கினாள். என் பெயர் தாத்தாவின் அம்மாவுடையது. பெற்றவள் பெயரைத் தாத்தா வாயால் சொல்ல மாட்டார். மாமியார் பெயரைப் பாட்டி சொல்லவே மாட்டாள். ஆனால் நான் பிறந்ததும், அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடித்தது தாத்தா.

முன்சீட்டில் இருந்த தாத்தாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே வீடு வந்தேன். பயம் போய்விட்டது, ஆசைதான் போகவில்லை.

பிறகு காலேஜ் படிப்பதற்கு அத்தை வீட்டில் தங்கினேன். சிதம்பரத்தில் எனக்கு நன்றாகவே தமிழ் வந்தது. சனிக்கிழமையானால் பஸ் பிடித்துக் கடலூர் போய், பாட்டியோடு வாய் ஓயாமல் பேசுவேன். ஒரு தடவை சொல்லேன் என்று கெஞ்சியும் பார்த்தேன், சிரிப்புதான் பதில். அவள் முடியாமல் படுத்தபோது, நினைவு தப்பியாவது சொல்லிவிடமாட்டாளா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "இந்தாம்மா, சாப்ட்டியா?" என்றுதான் கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

சென்ற வருடம் தாத்தாவின் பிறந்தநாளுக்கு அவரை அதே கோயிலுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். அவர் பெயருக்கு அர்ச்சனை என்றேன். "பேரு சொல்லும்மா" என்றார் அர்ச்சகர். எனக்குத் தெரியாத பெயரா? எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். அவரை அருகில் வைத்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அர்ச்சகர் இன்னொரு முறை கேட்டார்.

"அவ சொல்ல மாட்டா சாமி. எங்க வூட்டுப் பொண்ணு" என்றார் தாத்தா.

பிறகு தன் பெயரைத் தானே சொன்னார், கோர்ட் வாசலில் கூவுகிற குரலில். பிராகாரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலில் என் பெயர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபடியே கைகூப்பி நின்றேன்.